தொடுதிரை அதிர்வுக்கு எல்லாச் செயலியிலும் ஒரே அர்த்தம் வேண்டும்

சோமனூர் நாடா

திரையைத் தொட்டதும் உள்ளங்கையில் ஒரு சின்ன அதிர்வு வருகிறதே, அதைச் செயலி எழுதுபவர்கள் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள் போலிருக்கிறது. விசைத்தறி ஓட்டுகிற எங்களுக்கு அது அலங்காரம் அல்ல.

தறிகுடோனுக்குள், ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா இரண்டு பக்கமும் அடிக்கிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவரிடமே கையசைவை வைத்துத்தான் பேசுகிறோம். அழைப்பு மணி கேட்காது. பணம் வந்ததைச் சொல்லும் குரலும் கேட்காது. விரலெல்லாம் பஞ்சுத் தூசி. கண் பாவில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருக்கும். நூல் இறக்கிவிட்டு நிற்கும் வண்டிக்காரருக்குக் கைபேசியில் வாடகையை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைக் கைதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் கை என்ன சொல்கிறது? என்னிடம் உள்ள ஒரு பணச் செயலி, பணம் போனாலும் குறுக ஒரு முறை அதிர்கிறது, போகாவிட்டாலும் அதே மாதிரிதான் அதிர்கிறது. இன்னொன்று ஒவ்வோர் எண்ணை அழுத்தும்போதும் அதிர்ந்துவிட்டு, முடிவு வரும் நேரத்தில் அசையாமல் இருந்துவிடுகிறது. மூன்றாவது செயலியில் பரிசு அட்டையைச் சுரண்டும்போதுதான் நீளமான அதிர்வு வருகிறது. என் பணம் போன செய்தியைவிட அவர்களுடைய விளம்பரம் பெரிய செய்தியாகிவிட்டது. இதைப் பார்க்கும்போது உள்ளபடியே கோபம் வருகிறது.

அரசுப் பேருந்தோ தனியார் பேருந்தோ, எந்த நடத்துநர் ஊதினாலும் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் புறப்படு. ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கைபேசி அதிர்வுக்கு ஏன் அப்படி ஒரு வழக்கம் இல்லை? இது கைபேசி செய்பவரின் குறையா, செயலி எழுதுபவரின் குறையா, உள்ளே இருக்கும் மோட்டாரின் குறையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பீளமேடு காயில்

மோட்டாரைப் பற்றி நான் சொல்கிறேன். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். எங்கள் பட்டறையில் ரோட்டார் சமநிலை தவறினால் அது கோளாறு. அதிர்ந்து அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். விலை குறைந்த கைபேசிகளில் அந்தக் கோளாறைத்தான் வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். சிறிய நேர்மின் மோட்டார், அதன் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை. சுழன்றால் எடை ஒரு பக்கமாக இழுக்கும், கைபேசி முழுவதும் அதிரும். நாணயம் போன்ற தட்டை வடிவத்திலும் வருகிறது, உருளை வடிவத்திலும் வருகிறது.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க நேரம் வேண்டும். ஏறத்தாழ 50 மில்லி விநாடி, பல மோட்டார்களில் அதற்கும் மேலே. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சுழன்ற வேகம் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே ‘டக்’ என்று வர வேண்டியது ‘ட்ர்ர்’ என்று வருகிறது. இரண்டாவது, மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகமும் கூடும், அதிர்வின் பலமும் கூடும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. மெல்லிய, கூர்மையான தட்டு வேண்டும் என்று கேட்டால் இந்த மோட்டாரால் கொடுக்கவே முடியாது.

விலை கூடிய கைபேசிகளில் இருப்பது வேறு. ஒரு வில்லில் (ஸ்பிரிங்கில்) காந்த எடையைப் பொருத்தி, அருகில் ஒரு காயிலை வைத்து மாறுமின்னோட்டம் கொடுக்கிறார்கள். எடை சுழலாது, முன்னும் பின்னும் ஆடும். அந்த வில்லுக்கும் எடைக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அந்த அதிர்வெண்ணில் ஓட்டினால் குறைந்த மின்சாரத்தில் நல்ல ஆட்டம் கிடைக்கும். சட்டென்று தொடங்கும். எதிர்த்திசையில் மின்னோட்டம் கொடுத்துச் சட்டென்று நிறுத்தவும் செய்யலாம். நம் தோலின் ஆழத்தில் அதிர்வை உணர்வதற்கென்றே பாசினியன் உணரிகள் இருக்கின்றன. அவை மிகக் கூர்மையாக உணர்வதும் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். எனவே இந்த அளவு சும்மா அமைந்ததல்ல.

ஆக, ஒரே செயலி ஒரே கட்டளையைக் கொடுத்தாலும் இரண்டு கைபேசியில் இரண்டு விதமாகத்தான் இருக்கும். ஆனால் ‘பணம் போயிற்று’, ‘போகவில்லை’ இரண்டுக்கும் ஒரே அதிர்வு வருகிறது என்றால், அந்தப் பழியை மோட்டார் மேல் போட முடியாது. எழுதியவர் பிரித்துக் கொடுக்கவில்லை.

காந்திபுரம் பழுது

கைபேசி பழுதுபார்க்கிற தொழிலில் இருப்பவன். காயில் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கீழே விழுந்த கைபேசியில் அந்த மோட்டாரை ஒட்டியிருக்கும் பசை விட்டிருக்கும். அதிரும்போது உள்ளே கடகடவென்று சத்தம் வரும். வாடிக்கையாளர் அதைக் கேட்டு, ‘அதிர்வே வேண்டாம், அணைத்துவிடுங்கள்’ என்பார். பசையை மாற்றி ஒட்டினாலே பழைய நிலைக்கு வந்துவிடும்.

மோட்டார் நன்றாக இருந்தால் மனிதரை எவ்வளவு நம்பவைக்கும் என்பதற்கு 2016இல் வந்த ஐபோன் 7ஐச் சொல்வேன். அதன் முகப்புப் பொத்தான் அழுந்தவே அழுந்தாது. விரல் கொடுக்கும் அழுத்தத்தை உணர்ந்து, உள்ளே இருக்கும் டாப்டிக் என்ஜின் என்ற அதிர்வுக் கருவி ஒரு தட்டு தட்டும். பொத்தான் உள்ளே போய் வந்ததாகவே விரல் நினைத்துக்கொள்ளும். கைபேசியை முழுக்க அணைத்துவிட்டு அதே பொத்தானை அழுத்திக் காட்டினால், ‘இது எப்போது பழுதானது?’ என்று கேட்டவர்கள் உண்டு. அது எந்தச் செயலியில் இருந்தாலும் ஒரே மாதிரி தட்டியது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஈரோடு மஞ்சள்

நான் செயலி எழுதுகிறவள். சோமனூர் அண்ணனின் கோபம் நியாயமானது. அதற்கான விடையின் பெரும்பகுதி எங்கள் பக்கம்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டில் அதிர்வு கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மோட்டாரை நேராக இயக்குவது: இத்தனை மில்லி விநாடி ஓடு, இத்தனை மில்லி விநாடி நில் என்று சொல்லிவிடலாம். இதற்கு ஓர் அனுமதி வேண்டும், ஆனால் செயலியை நிறுவும்போதே அது கேட்காமல் கிடைத்துவிடும். மற்றொன்று, ‘இங்கே நடந்தது இன்னது’ என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டு, அதற்குரிய அதிர்வை அதுவே கொடுக்கும்படி விட்டுவிடுவது. நீண்ட அழுத்தம், விசைப்பலகைத் தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பெயர் இருக்கிறது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இல் ‘கன்ஃபர்ம்’, ‘ரிஜெக்ட்’ என்ற இரண்டையும் சேர்த்தார்கள். நடந்தது, நடக்கவில்லை. அண்ணன் கேட்பது சரியாக இந்த இரண்டைத்தான். 2023இல் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது ஒரு விசையை இயக்குவதற்கும் அணைப்பதற்கும்கூடத் தனித்தனிப் பெயர் வந்துவிட்டது.

ஐபோனில் 2016 முதலே மூன்று வகை: முடிவைச் சொல்வது, ஒன்றன்மேல் ஒன்று மோதுவதைச் சொல்வது, பட்டியலில் தேர்வு நகர்வதைச் சொல்வது. முடிவைச் சொல்வதில் வெற்றி, எச்சரிக்கை, பிழை என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றையும் அதற்குரிய பொருளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. பிழைக்கான தட்டு நன்றாக இருக்கிறதே என்று அதைப் பரிசு அட்டைக்கு வைக்கக் கூடாது.

இவ்வளவு இருந்தும் ஏன் பயன்படுத்துவதில்லை? வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பொத்தானை ஒருவர் எழுதுகிறார், முடிவுத் திரையை வேறொருவர் எழுதுகிறார், பரிசு அட்டை விளம்பரக் குழுவிடமிருந்து வருகிறது. நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் பொதுவான ஏடு உண்டு. எந்தப் பச்சை, எத்தனை புள்ளி எழுத்து என்று அதில் இருக்கும். அதிர்வுக்கு அந்த ஏட்டில் பக்கமே இருக்காது. அவரவர் கையில் இருக்கும் கைபேசியில் எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துவிட்டுப் போகிறார்கள். சோதிக்கிறவரும் திரையைத்தான் பார்க்கிறார், கையைக் கவனிப்பதில்லை.

பொள்ளாச்சி தோப்பு

எல்லாரும் அதிர்வு வேண்டும் என்ற பக்கமே நிற்கிறீர்கள். நான் வாங்கிய அன்றைக்கே அதை அணைத்துவிடுகிறவன். விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குலுக்கல், திரையை நகர்த்தினால் ஒரு குலுக்கல், ஒன்றுமே செய்யாவிட்டாலும் ‘உங்களுக்கு ஒரு சலுகை’ என்று ஒரு குலுக்கல். தேங்காய் விலை விசாரிக்கும் நேரத்தில் கை மரத்துப் போகிறது. மின்கலமும் தீர்கிறது. ஐபோன் விசைப்பலகைக்கு 2022இல் அதிர்வு வந்தபோது, மின்கலத்தின் நேரம் குறையலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்தது.

எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி அதிர வேண்டும் என்கிறீர்கள். எனக்கு எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி சும்மா இருந்தால் போதும். சத்தமில்லாத தோப்பில் இருக்கிற எங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு மஞ்சள்

பொள்ளாச்சி அண்ணா, உங்கள் பேச்சை நான் மறுக்கவில்லை. அதுவும் இந்த வாதத்தின் ஒரு பகுதிதான். நீங்கள் அணைத்ததை ஒரு செயலி மதிக்காமல் அதிர்ந்தால் அதுவும் ஒழுங்கின்மைதான். இயங்குதளத்தின் வழியாகக் கேட்டால் உங்கள் விருப்பம் தானாக மதிக்கப்படும். மோட்டாரை நேராக இயக்குகிற செயலியோ பல கைபேசிகளில் அதைப் பாராமலே அதிரவைத்துவிடுகிறது. பயனர் அணைத்திருந்தாலும் மீறுவதற்கு இயங்குதள வழியிலேயே முன்பு ஒரு சந்து இருந்தது. ஆண்ட்ராய்டு 13 முதல் சாதாரணச் செயலிகளுக்கு அது செல்லாது.

இன்னொன்று. முற்றிலும் அணைக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை. புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் போனால் அழைப்புக்கு, அறிவிப்புக்கு, தொடுதலுக்கு என்று அதிர்வைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அறிவிப்பு அதிர்வை மட்டும் அணைத்துவிட்டுத் தொடு அதிர்வை வைத்துப் பாருங்கள். விசைப்பலகைக்குத் தனி அமைப்பு இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். எழுத்துக்கு எழுத்து அதிர்வதுதான் உங்களைத் துரத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். அது போனால் முடிவைச் சொல்லும் அதிர்வு எஞ்சும், அதற்கு மதிப்பும் வரும்.

மேட்டுப்பாளையம் செவி

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக்கை வைத்துத்தான் இதைப் படிக்கிறேன், எழுதுகிறேன். இதுவரை எழுதியவர்களில் எவரையும்விட எனக்கு இதில் பங்கு அதிகம் என்பதால் நீளமாகவே எழுத அனுமதியுங்கள்.

டாக்பேக்கில் விரலைத் திரைமேல் நகர்த்தும்போது, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாறியதும் சின்னத் தட்டு வரும், உடனே அதன் பெயரைக் குரல் படிக்கும். இரண்டு முறை தட்டினால் அது இயங்கும். குரல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தட்டு வந்துவிடுகிறது. அதனால் பழகிய திரையில் நான் குரலுக்குக் காத்திருப்பதில்லை. மேலிருந்து நான்காவது தட்டு என்றால் ‘அனுப்பு’ பொத்தான் என்று கை அறிந்துவைத்திருக்கும்.

இதற்கு நடுவே ஒரு செயலி தன் சொந்த அதிர்வை ஒவ்வொரு பொத்தானுக்கும் சேர்த்தால் என்ன ஆகும்? டாக்பேக்கின் தட்டும் செயலியின் தட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நான்கு என்று எண்ணியது ஐந்தாகிவிடும். நான் அழுத்தியது எது என்று திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும். அதிகம் அதிர்வதால் நன்மை செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிறார்கள். எங்களுக்கு அது பாதையில் போட்ட கல்.

பேருந்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் சொல்வது கேட்க வேண்டும், பக்கத்தில் யார் வந்து உட்கார்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். கைபேசியின் குரலை உரக்க வைத்துப் பணம் அனுப்பினால், எனது இருப்பு எவ்வளவு என்பதைப் பேருந்து முழுவதும் கேட்கும். இங்கேதான் முடிவைச் சொல்லும் அதிர்வு எனக்கு வேண்டும். சோமனூர் அண்ணனுக்குச் சத்தத்தால் வந்த தேவை எனக்கு வேறு வழியில் வந்திருக்கிறது. கேட்பது ஒன்றைத்தான்: நடந்ததற்கு ஓர் அதிர்வு, நடக்காததற்கு வேறோர் அதிர்வு, இடையில் சும்மா இருங்கள்.

கரூர் தாதி

செவிலியராக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் சர்க்கரை நோய் இருப்பவர்களில் பலருக்கு அதிர்வை உணரும் திறன் குறைகிறது. கால் விரலில் தொடங்கும், நாள்பட்டால் கை விரலுக்கும் வரும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அடித்து, கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, ‘அதிர்வு தெரிகிறதா, எப்போது நின்றது?’ என்று கேட்டுத்தான் சோதிக்கிறோம். நமக்குத் தெளிவாக அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ‘நின்றுவிட்டது’ என்பவர்கள் உண்டு. ஆகவே அதிர்வு ஒன்றை மட்டுமே நம்பி எந்தச் செயலியும் முடிவைச் சொல்லக் கூடாது. எழுத்தும் வேண்டும், ஒலியும் வேண்டும், அதிர்வும் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே சேதியைச் சொல்ல வேண்டும்.

சோமனூர் நாடா

இவ்வளவு பேர் இவ்வளவு விவரத்தோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. மேட்டுப்பாளையம் தம்பி எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

இப்போது எனக்கு இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. முதல் கேள்வி காயில் அண்ணனுக்கு. என் கைபேசி விலை குறைந்தது, சுழலும் மோட்டார்தான் இருக்கும். நடந்ததற்கு மெல்லிய அதிர்வு, நடக்காததற்குப் பலத்த அதிர்வு என்று கொடுத்தால், தறி ஓடும்போது எனக்கு வித்தியாசம் தெரியுமா? தறிகுடோனில் தரையே அதிர்கிறது. மேசையில் கை வைத்தால் மேசையும் அதிர்கிறது.

இரண்டாவது ஈரோட்டு அம்மிணிக்கு. பணம் அனுப்பும்போது நடந்தது, நடக்கவில்லை என்ற இரண்டோடு நிற்பதில்லை. ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று ஒன்று வருகிறதே, அதற்கு என்ன செய்வது? சனிக்கிழமை கூலி போடும்போது எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது அதுதான்.

பீளமேடு காயில்

வித்தியாசம் தெரியாது. பலத்தை வைத்து அர்த்தத்தைப் பிரிப்பது உங்கள் கைபேசிக்கு ஒத்துவராது. சுற்றிலும் எல்லாம் அதிரும் இடத்தில் மெல்லிய தட்டு மூழ்கிப்போகும். பேருந்தில் போனாலும் இதே கதைதான். தடித்த உறை போட்டால் இன்னும் குறையும். மேசைமேல் வைத்திருந்தால் மேசையின் தன்மையைப் பொறுத்து மாறும். அந்த மோட்டாரின் பலமே நாளாக ஆக ஒரே மாதிரி இருக்காது. ‘மெல்லியது’, ‘பலமானது’ என்பவை அளவுகோல் இல்லாத சொற்கள்.

எண்ணிக்கை அப்படி அல்ல. நீங்கள் சொன்ன விசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நடத்துநருக்கு மூச்சு குறைந்தாலும் ஒன்று ஒன்றுதான், இரண்டு இரண்டுதான். அதிர்விலும் ஒன்றா, இரண்டா, நீளமா, குறுகலா என்பதில் அர்த்தத்தை வைத்தால் மட்டமான மோட்டாரும் அதைக் கெடுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு தட்டுக்கு நடுவே மோட்டார் முழுக்க நிற்க நேரம் கொடுக்க வேண்டும். 30 மில்லி விநாடி இடைவெளி விட்டால் சுழலும் மோட்டார் நிற்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அதிர்வாகத் தெரியும். 100 மில்லி விநாடிக்குக் குறையாமல் விட்டால் பிரிந்து தெரியும். தட்டும் 50, 60 மில்லி விநாடிக்குக் குறைந்தால் மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் மின்சாரம் நின்றுவிடும். விலை கூடிய கைபேசியை வைத்துக்கொண்டு 10 மில்லி விநாடி தட்டை எழுதி அனுப்புகிறார்கள். அது இங்கே வந்து சேர்வதே இல்லை.

ஈரோடு மஞ்சள்

காயில் அண்ணன் எழுதியதை எங்கள் குழுவில் அப்படியே பகிர்ந்துவிட்டேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு செயலிக்காரரும் சொந்தமாக ஓர் எண்ணிக்கையை வகுத்தால், ஒரு செயலியில் இரண்டு தட்டு வெற்றி என்றும் மற்றொன்றில் தோல்வி என்றும் ஆகிவிடும். இப்போதிருப்பதைவிட மோசம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இயங்குதளத்தின் ‘கன்ஃபர்ம்’, ‘ரிஜெக்ட்’ இரண்டையும்தான். கைபேசியைச் செய்தவர் தன் மோட்டாருக்கு ஏற்ப அவற்றைச் சரிசெய்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

எல்லாரும் சரிசெய்வதில்லை என்பதும் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. அதிர்வின் பலத்தை மாற்ற இந்தக் கைபேசியால் முடியுமா என்று ஆண்ட்ராய்டு 8 முதலே செயலி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இன்ன அதிர்வு வகை இதில் உண்டா என்று ஆண்ட்ராய்டு 11 முதல் கேட்கலாம். இல்லை என்று விடை வந்தால் மட்டும், அண்ணன் சொன்ன நேரக் கணக்கில் எண்ணிக்கை வைத்த அதிர்வுக்கு மாறலாம். கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த கைபேசியைக் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெற்றியா தோல்வியா என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் செயலியை வெளியிடக் கூடாது என்பேன்.

‘செயல்பாட்டில் உள்ளது’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டதற்கு நன்றி அண்ணா. இந்த உரையாடலில் இதுவரை பேசியதில் இதுதான் கடினமானது.

பொத்தானை அழுத்தியதும் ஒரு தட்டு வருகிறது. அதன் பொருள் ‘உன் விரலை உணர்ந்தேன்’ என்பது மட்டும். பிறகு வங்கிகளுக்கு இடையே சேதி போய்த் திரும்ப வேண்டும். சில விநாடிகள் ஆகலாம், சில நேரம் அதற்கும் மேலே. பல செயலிகள் செய்யும் தவறு, அனுப்பும் கோரிக்கை புறப்பட்டதுமே வெற்றிக்குரிய அதிர்வைக் கொடுத்துவிடுவது. திரையில் சுழல்வட்டம் ஓடிக்கொண்டிருக்கும், கையோ முடிந்தது என்று நம்பிக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிடும். திரையைப் பார்ப்பவருக்கு இது சின்னப் பிழை. அண்ணனுக்கும் மேட்டுப்பாளையம் தம்பிக்கும் இது பொய்த் தகவல்.

ஐபோனில் வெற்றிக்கும் பிழைக்கும் நடுவே எச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறது. முடிவு தெரியாத நிலைக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டின் அந்தப் பெயர்களில் அதற்கு நேரான ஒன்று இல்லை. இருக்கும் இரண்டில் ஒன்றை இழுத்துப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். ‘ரிஜெக்ட்’ கொடுத்தால், போகவில்லை என்று நினைத்து இன்னொரு முறை அனுப்பிவிடுவார்கள், இரண்டு கூலி போய்விடும். ‘கன்ஃபர்ம்’ கொடுத்தால் ஆளுக்குப் பணம் வராமலே வந்ததாகிவிடும். என் முடிவு இது: அந்த நேரத்தில் அதிராமல் இருப்பதே நேர்மை. முடிவு தெரிந்ததும், செயலி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், உரிய அதிர்வோடு அறிவிப்பு வர வேண்டும்.

மேட்டுப்பாளையம் செவி

அக்கா, இதில் நான் மாறுபடுகிறேன். அதிராமல் இருந்தால், முடிவு இன்னும் வரவில்லையா, செயலியே நின்றுபோயிற்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? திரையில் வட்டம் சுழல்வதைப் பார்க்கிறவருக்கு, ‘வேலை நடக்கிறது’ என்ற சேதி ஒவ்வொரு நொடியும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. வெற்றி, தோல்வி இரண்டோடும் குழம்பாத, மிக மெல்லிய ஒரு தட்டைச் சில விநாடிக்கு ஒரு முறை கொடுக்கலாம். டாக்பேக் இயங்கும்போது மட்டும் கொடுத்தாலும் போதும்.

பொள்ளாச்சி தோப்பு

தம்பி சொல்வது நியாயமாகப் படுகிறது. எல்லாரும் அதிர வேண்டும் என்று சொல்லவில்லை, வேண்டியவருக்கு மட்டும் என்கிறார். அதோடு, அம்மிணி சொன்ன மாதிரி விசைப்பலகை அதிர்வையும் அறிவிப்பு அதிர்வையும் அணைத்துவிட்டுத் தொடு அதிர்வை மட்டும் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அணைக்கத் தோன்றவில்லை. பரிசு அட்டைக்கு அதிர்கிற செயலியை எடுத்துவிட்டேன்.

ஈரோடு மஞ்சள்

தம்பி, நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். டாக்பேக் இயங்குகிறதா என்பதைச் செயலியால் அறிய முடியும். அப்போது மட்டும் காத்திருப்புத் தட்டு கொடுப்பது நடைமுறையில் கடினம் அல்ல. ஆனால் காயில் அண்ணன் சொன்ன காரணத்தால் ‘மிக மெல்லிய’ என்பது எல்லாக் கைபேசியிலும் கிடைக்காது. இடைவெளியை நீட்டி வைத்து, ஒற்றைத் தட்டாக, வெற்றியின் தட்டோடு குழம்பாதபடி செய்ய வேண்டும். எழுதிப் பார்த்துவிட்டு உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்கள் சரி என்றால்தான் சேர்ப்பேன்.

மற்றவர்களுக்கு: உங்கள் செயலியில் குறை இருந்தால் ‘அதிர்வு சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்களுக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. எந்தத் திரை, எதை அழுத்தினீர்கள், வெற்றியின்போது எப்படி அதிர்ந்தது, தோல்வியின்போது எப்படி, கைபேசியின் மாதிரி எண் என்ன, தொடு அதிர்வு அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். அப்படி வரும் ஒரு கடிதத்தை யாரும் ஒதுக்கிவைக்க முடியாது.

சோமனூர் நாடா

இரண்டு செயலிக்கும் அம்மிணி சொன்னபடியே எழுதிவிட்டேன். தறி ஓடும்போது, தறியை நிறுத்திய பிறகு என்று இரண்டு நிலையிலும் சோதித்துத் தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். என் கைபேசிக்கு ரப்பர் உறை இருக்கிறது, கொஞ்சம் தடிமன். கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டுமா?

காந்திபுரம் பழுது

கழற்றி ஒரு முறை, மாட்டி ஒரு முறை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் சோதனையை நிறுத்திவிட்டுக் காந்திபுரம் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். பசை விட்ட மோட்டாரை வைத்துக்கொண்டு செயலிக்காரர் மேல் புகார் எழுதக் கூடாது.